ஒன்பதாவது சீட்டு

"அல்லாஹ் ஒருத்தனைக் கூப்பிடணும்னா, சீட்டுக் குலுக்கியா கூப்பிடுவான்?"

தாஹர் வாத்தியார் இப்படிக் கேட்டதும் நகராட்சிக் கூடமே முகம் சுளித்தது.

அல்ஜீரியாவில் எங்கள் ஊருக்கு அந்த வருடம் ஹஜ் போக ஒன்பது இடம். பெயர் கொடுத்தவர்கள் அறுநூறு பேர். சீட்டுகள் மாவட்ட அலுவலகத்தில் அச்சாகி, முத்திரையிட்டு வரும். பெட்டியைத் திறந்து வைப்பது மட்டும்தான் குமாஸ்தாவான என் வேலை.

வாத்தியார் முப்பது வருடம் பள்ளியில் தர்க்கம் கற்பித்தவர். அவர் எதிரே 'ஆகவே' என்று சொல்ல இன்றும் பலர் பயப்படுவார்கள்.

அன்று அவரிடம் மாட்டியவர் ரொட்டிக்கடை பூஜ்மா. பதினோரு வருடமாகப் பெயர் கொடுக்கிறார். அடுத்த வருடம் முழங்கால் நடக்க விடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"அவன் கணக்கு நமக்குப் புரியாது, வாத்தியாரே."

"அறுநூறு பேருக்கு ஒன்பது இடம். இதுல புரியாததுக்கு என்னய்யா இருக்கு?"

இமாம் எட்டுச் சீட்டுகளை எடுத்து, பெயர், தொழில், எத்தனையாவது விண்ணப்பம் என்று படித்தார். எதிலும் பூஜ்மா இல்லை. அவர் தலை குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

இமாமுக்கும் குறும்பு உண்டு. கடைசிச் சீட்டைத் தர்க்கமே எடுக்கட்டும் என்று வாத்தியாரை மேடைக்கு அழைத்தார். அவர் மறுத்துப் பார்த்தார். கூட்டம் விடவில்லை.

எடுத்தார். பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பூஜ்மா ஸஹ்ரூனி. ரொட்டிக்கடை. பதினோராவது விண்ணப்பம்."

பூஜ்மா அங்கேயே தரையில் நெற்றி பதித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். ஒரே நிமிடத்தில் ஊருக்கே அவர் 'ஹாஜி' ஆகிவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தியாரிடம் வந்தார். "இப்ப சொல்லுங்க. உங்க தர்க்கம் எங்க போச்சு?"

"தோத்துப்போச்சு, ஹாஜி."

முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கூட்டம் கலைந்தது. ஒன்பது சீட்டையும் நான் கோப்பில் சேர்க்க வேண்டும். வாத்தியார் கடைசிச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தார். வழிமறித்துக் கேட்டேன்.

"கோப்பை யாருப்பா படிக்கப்போறாங்க?"

நான் கையை நீட்டியபடியே நின்றேன். பெருமூச்சு விட்டுக் கொடுத்துவிட்டு நடந்தார்.

பிரித்துப் பார்த்தேன்.

'தாஹர் பெல்கைத். ஓய்வுபெற்ற ஆசிரியர். பதினான்காவது விண்ணப்பம்.'