தாடையைக் காட்டுங்கப்பா

வீடியோ காலை எடுத்தாளோ இல்லையோ, அப்பா கேட்டார்: “இது என்ன மீனு?”

திரையில் மீன் இல்லை. அவருடைய மூக்குத் துவாரமும் கொஞ்சம் வானமும் இருந்தன.

அடுப்பில் பால் பொங்கியது. கணவன் ஓடிப்போய் அணைத்தவன், குரலைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

“கேமராவைத் திருப்புங்கப்பா.”

திருப்பினார். செருப்பு தெரிந்தது. பிறகு வாளி. பிறகு வெகுநேரம் கட்டைவிரல்.

காலையில் ஏரியில் தூண்டிலில் மாட்டியதாம். இத்தனை வருடமாக அங்கே டிரவுட் பிடிக்கிற தனக்கே இது என்னவென்று பிடிபடவில்லை என்றார். நீ வேலை பார்க்கிற மீன் பண்ணையிலிருந்துதானே குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள், நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். ஏதோ அவள் வேண்டுமென்றே தப்பான சரக்கை அனுப்பிவிட்ட மாதிரி.

விரல் விலகியது. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை. வானவில் டிரவுட்.

இதற்கா இந்த அமர்க்களம்?

ஆனால் துடுப்புகளின் நிறம் உதைத்தது.

“தாடைக்குக் கீழ காட்டுங்க.”

வாலைக் காட்டினார்.

“தாடைப்பா! மீனுக்குத் தாடை எந்தப் பக்கம் இருக்கும்?”

மீன் துள்ளியது. போன் வாளிக்குள் விழப் பார்த்தது. அப்பா மீனைத் திட்டினார், வாளியைத் திட்டினார், போனைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒருவழியாகத் தாடை தெரிந்தது. அடியில் இரண்டு பக்கமும் செம்மஞ்சள் கீறல்.

ஏரியில் விட்டது இரண்டு வகை. ஒன்றுக்குப் பட்டை, இன்னொன்றுக்குக் கீறல். இதற்கு இரண்டும் இருந்தன.

“கலப்புப்பா. ரெண்டு வகையும் சேர்ந்து பொறந்தது.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அடுப்படியில் கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பாவின் நிழல் மீன் மேல் விழுந்தது.

“நோஞ்சானா இருக்குமோ?”

“யார் சொன்னா? நல்லாத் துடியா இருக்கும். நீங்கதான் பாத்தீங்களே, கையில பிடிக்க முடிஞ்சுதா?”

அப்பா வாளியை ஏரியில் கவிழ்த்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வந்த வேலை முடிந்தது, வைத்துவிடுவார் என்று நினைத்தாள்.

வைக்கவில்லை. திரையில் வெறும் ஏரி ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னும் என்னப்பா? சொல்லுங்களேன்.”

அவர் தொண்டையைச் செருமினார்.

“புள்ளைக்கு… என்ன பேரு வெச்சிருக்கீங்க?”

அவள் உள்ளே போய் மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து போன் முன்னால் நிறுத்தினாள்.

தன் பெயரைத் தானே சொல்கிற வயது ஆகியிருந்தது அவளுக்கு.