இலை விழாதவர்கள்

சபையார் எல்லாரும் ஒன்றாக உண்ணும் அசன விருந்துக்கு ஆலய வளாகத்தில் முந்நூறு பேர் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. வாசலில் அரசு வைத்த முகம் பார்க்கும் கதவு, பதிவில் உள்ளவர்களை மட்டும், ஆளுக்கு ஒரே ஒருமுறை உள்ளே விட்டது. கடல் கொண்ட ஊர்களிலிருந்து வந்த பத்துக் குடும்பங்களுக்குப் பதிவு இல்லை. அவர்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் செல்வகனி முதல் இலையில் இருந்தார். அவர் ஞானஸ்நானம் பெற்றதும் இதே சபையில்தான்.

எல்லாருக்கும் வாழையிலை போட்டாயிற்றா என்று அறிய, ஜெபத்துக்கு முன் போதகர் வழக்கம்போலக் கேட்டார்: "இலை விழாதவங்க யாரும் இருக்கீங்களா?"

கம்பிக்கு அப்பால் கைகள் உயர்ந்தன.

"அப்போ ஜெபம் ஆரம்பிக்க முடியாதே," என்று போதகர் உட்கார்ந்துவிட்டார். சாம்பார் ஆறத் தொடங்கியது.

"நான் பேசி அனுப்பிட்டு வாரேன்," என்று அமைச்சர் எரிச்சலோடு வெளியே போனார். யாரும் நகரவில்லை. திரும்பியபோது கதவு அவர் முகத்தைப் பார்த்து, "இவர் ஏற்கெனவே உண்டவர்," என்றது. மூன்று முறை காட்டியும் அதே பதில்தான்.

போதகர் எழுந்து மறுபடியும் கேட்டார். இம்முறை அமைச்சரின் கையும் பாதி உயர்ந்தது.

பந்தி பரிமாறும் ஜெபக்கனி சாம்பார் வாளியைத் தூக்கினாள். "வெளிய போறதுக்கு அந்தக் கதவு ஒண்ணும் கேக்காது. வாங்க எல்லாரும்."

சாலையில் இலைகள் விழுந்தன. ஜெபம் முடிந்தது. குழந்தையை மடியில் ஏற்றிக்கொண்டு அமைச்சருக்கு இடம் விட்ட பெண் கேட்டாள்: "உங்களுக்கும் பதிவு இல்லையாய்யா?"

"இல்லம்மா."

"போகப் போகப் பழகிரும். சாப்பிடுங்க."