ஒரிஜினல் கறுப்பு

“கொலைகாரனைக்கூட மன்னிச்சிடலாம். பழைய காசைத் தேய்க்கிறவனை மன்னிக்கவே கூடாது” என்றார் நிபுணர். நாணயக் கண்காட்சிக் கூடத்தில், பதினாலாம் மேஜையைச் சுற்றி நின்ற நாலு பேரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போலத் தலையாட்டினார்கள்.

“தேய்ச்ச காசுக்குத் திருப்பிக் கறுப்பு ஏத்தி விக்கிறான் பாருங்க, அவன் அதுக்கும் ஒரு படி மேல. வயசை ஏமாத்துற பய!” சொல்லிவிட்டு, அன்று காலைதான் சாயம் பூசிய மீசையை முறுக்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. நிபுணர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுசாய் மாட்டிய குளியலறைக் குழாய்போல் பளபளத்தது.

“என்ன சார் இது, முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருக்கே!” என்றார் மேஜைக்காரர். பழைய காசு வாங்கி விற்பதில் முப்பது வருஷம் ஊறியவர்.

“வீட்டுக்காரி பண்ணின வேலை. அழுக்கா இருக்குன்னு டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுட்டா” என்றார் நிபுணர்.

காசில் முகம் பதிந்திருந்த ராஜா பன்னிரண்டு வருஷம் ஆண்டார். வருஷத்துக்கு ஒன்றாக அவர் வெளியிட்ட பன்னிரண்டு காசுகளையும் சேர்த்து முடிக்க நிபுணருக்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது. நாளைக் காலை இதே கூடத்தில் நாணயச் சங்கத்தின் கோப்பைக்கான போட்டி. இதுவரை ஆறு தடவை இரண்டாம் பரிசு. வீட்டு ஷோகேஸில் கோப்பைக்கென்று காலியாக விட்ட இடத்தில் இப்போது டிவி ரிமோட் குடியிருக்கிறது.

“பதினொண்ணு கறுப்பா இருக்கு, இது ஒண்ணு மட்டும் பல்லிளிக்குது, வரிசையில எப்படி வைக்கிறதுன்னு அவகிட்டயும் கத்திட்டுத்தான் வந்தேன்.”

மேஜைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். “ராஜா காதுக்குக் கீழ ஒரு கீறல் வேற இருக்கு.”

நிபுணர் குனிந்து பார்த்தார். கீறல் இருந்தது. இத்தனை வருஷமாகக் கண்ணில் படாத கீறல். “அது... அச்சுலயே வர்றது” என்றார்.

“இருக்கட்டும் சார். தேய்ச்ச காசு ஐந்நூறுக்கு மேல போகாது. அதுவும் உங்க முகத்துக்காக.”

நிபுணர் காசைக் கொடுத்துவிட்டு ஐந்நூறை வாங்கிக்கொண்டார். “இதே வருஷத்துக் காசுல, யாரும் கை வைக்காத ஒரிஜினல் கறுப்பு வந்தா எனக்குத்தான் முதல்ல காட்டணும்.”

மேஜைக்காரர் காசையும் அவரையும் ஒரு தடவை பார்த்தார். “நாலு மணிக்கு வாங்க. ஒண்ணு வரும்னு நினைக்கிறேன்.”

மதியம் எல்லா மேஜைகளிலும் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பதினாலாம் மேஜையில் மட்டும் டிபன் டப்பா மூடியபடியே இருந்தது, இறுக்கமாக ரப்பர் பேண்ட் வேறு. பக்கத்தில் முட்டை ஓடுகள்.

“முட்டையை உரிச்சு வெச்சுட்டுச் சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்க?” என்று கேட்டார் நிபுணர்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் போகட்டும் சார். அவசரப்பட்டா சரியா வராது.”

வயிற்றுக் கோளாறு போலும் என்று நிபுணர் நகர்ந்தார். மீதிப் பொழுதில் மற்ற மேஜைகளில் எட்டுப் போலிகளைக் கண்டுபிடித்தார். அதில் ஆறு அசல்.

நாலு மணிக்கு வெல்வெட் துணியில் ராஜா படுத்திருந்தார். ஓரத்தில் தேன் நிறம், நடுவில் புகை, முகத்தில் நல்ல கறுப்பு. நிபுணருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது காலம் போட்ட கறுப்புய்யா! நூறு வருஷம் எவன் கையும் படலை. மனுஷன் தலைகீழா நின்னாலும் இதைச் செய்ய முடியாது.”

“காதுக்குக் கீழ ஒரு கீறல் இருக்கு சார். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது.” மேஜைக்காரர் நேர்மையானவர்.

நிபுணர் பரிதாபப்பட்டுச் சிரித்தார். “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருந்து என்ன பிரயோஜனம்? அந்த வருஷ அச்சுலயே அந்தக் கீறல் உண்டுன்னு காலையிலேயே சொன்னேனே! என்னோடதுல இருந்த அதே இடம். இது அசல்ங்கிறதுக்கு அதுதான் அத்தாட்சி.”

“நமக்கு எங்க சார் இதெல்லாம் தெரியும்” என்று அடக்கமாகச் சொல்லி, மேஜைக்காரர் ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நிபுணர் காசை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “பார்த்துக்கோ. காசுன்னா இப்படி இருக்கணும்.”

அவள் மூக்கைப் பொத்தினாள். “என்னங்க, முட்டை நாத்தம் அடிக்குது?”

“அது காலத்தோட வாசனை.”

“பேத்தியோட வெள்ளிக் கிண்ணத்துல அவிச்ச முட்டையைப் பிசைஞ்சு மறந்து வெச்சிருந்தோமே, அதுவும் இதே மாதிரிதான் கறுத்துப்போச்சு.” காசை வெளிச்சத்தில் திருப்பினாள். “அட, இது நான் தேய்ச்ச காசுதானே? காதுகிட்ட கோடு இருக்கு பாருங்க. இரும்பு நார் பட்டுக் கீறிடுச்சு. சொன்னா கத்துவீங்கன்னு சொல்லலை.”

மூடிய டிபன் டப்பா ஒன்று நிபுணரின் கண்முன் வந்து நின்றது. அவர் சோபாவில் உட்கார்ந்தார்.

“அதுக்கேன் முகம் இப்படிப் போகுது? ஒண்ணு மட்டும் பல்லிளிக்குதுன்னுதானே கத்தினீங்க?” அவள் உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்து பெருமையாகத் திறந்தாள். பதினொரு ராஜாக்களும் பளபளவென்று சிரித்தார்கள். “பகல் பூரா உட்கார்ந்து மத்ததையும் தேய்ச்சு வெச்சுட்டேன்.”

நிபுணர் எழுந்து வாசல் கதவைத் தாழிட்டார். ஜன்னலைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“வீட்டுல முட்டை எத்தனை இருக்கு?”