கோட்டுக்கு அந்தப் பக்கம்

"அண்ணே, கொஞ்சம் எழுந்து வந்து பார்க்கக் கூடாதா? அங்க மரம் பாதி அறுத்தபடி நிக்குது!"

மரம் வெட்டுபவரின் மனைவி கெஞ்சியும் மெக்கானிக் அசையவில்லை. பட்டறையின் கோடியில், தரையில் சாக்பீஸால் கிழித்த ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"பக்கத்து வீட்டுக் கூரைப் பக்கம். என் வீட்டுக்காரர் கயிறு போட்டு இழுத்துக் கட்டிட்டு, அதுக்குக் காவலா நிக்கிறார். காத்து எழும்புச்சுன்னா கயிறும் தாங்காது, கூரையும் தாங்காது."

அவள் வாசலைப் பார்த்தாள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நாற்காலி மெக்கானிக்கிட்ட போ, ரொம்பக் கைராசி" என்றுதான் பஸ்ஸில் சொன்னார்கள். அது என்ன நாற்காலி என்று கேட்டதற்கு, "போனா தெரியும்" என்று சிரித்தார்கள். இப்போது தெரிந்தது. இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போடுகிறார். குனிந்து நிமிர்வதெல்லாம் அவர் மனைவி.

"மரம் அறுக்குற மெஷின் எப்படி நின்னுச்சு? திக்கித் திக்கியா, பட்டுன்னா?"

"பட்டுன்னு. விளக்கை அணைச்ச மாதிரி. காலையில நல்லாத்தான் ஓடும். கால் மணி நேரத்துல படுத்துக்கும். ஆறவிட்டா மறுபடி ஓடும். மூணு நாளா இதே கூத்து."

"பெட்ரோல் கோளாறுன்னா இருமிட்டுத்தான் சாகும். பட்டுன்னு போனா பொறியை உண்டாக்குற காயில் மேலதான் சந்தேகம். பிளக்கைக் கழட்டு."

கடைசி இரண்டு வார்த்தை மனைவிக்கு. அவள் பிளக்கைக் கழற்றி, வயர் தொப்பியில் மாட்டி, எஞ்சின் இரும்பில் சாய்த்து வைத்தாள். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்தவள், இழுக்காமல் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள்.

"கால்" என்றாள்.

கோட்டின்மேல் கிடந்த செருப்புக் காலை மெக்கானிக் பின்னால் இழுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் கயிற்றை இழுத்தாள். பிளக் முனையில் நீலப் பொறி சட்சட்டென்று அடித்தது.

'கால் பட்டால் என்ன, கோடு அழுதுவிடுமா?' என்று நினைத்துக்கொண்டாள் வந்தவள்.

"பொறி வருதே, அண்ணே!"

"வரும். பஸ்ல வந்ததுல ஆறிப்போச்சுல்ல? சூடு காட்டு."

மனைவி ஹேர் டிரையரைக் கொண்டுவந்து காயில்மேல் பிடித்தாள். ஐந்து நிமிடம். வியர்வை அவள் மூக்கு நுனியில் சொட்டியது. நாற்காலிக்காரர் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

மறுபடி கயிற்றை இழுத்தாள். பொறி இல்லை. நாலு தடவை இழுத்தாள். ஊஹூம்.

"சுவிட்சுக்குப் போற வயரைக் கழட்டிட்டு இழு. அது எங்கயாவது உரசிக்கிட்டிருந்தாலும் பொறியைத் தின்னுடும். காயில் மேல வீண் பழி போடக் கூடாது."

அதையும் கழற்றி இழுத்தாள். அப்போதும் இல்லை.

"சரி, காயில்தான். சூடானா செத்துடுது. அலமாரியில இருக்கிறதை எடுத்து மாட்டு."

மனைவி வேறு காயிலை வைத்தாள். சக்கரத்துக் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, திருகுகளை இறுக்கி, அட்டையை உருவினாள். இரண்டுக்கும் நடுவே அந்த அளவு இடைவெளிதான் இருக்க வேண்டுமாம்.

வந்தவளுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இவர் எப்பவும் இப்படித்தானா? ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டாரா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஒன்றரை வருஷமா இப்படித்தான். முன்னெல்லாம் என்னைப் பட்டறைக்குள்ளயே விடமாட்டார், கை அழுக்காகிடும்னு."

"இப்ப மட்டும் ஆகலாமாக்கும்! என் வீட்டுக்காரர் இப்படி உட்காரட்டும், நாற்காலியோட தூக்கித் தெருவுல வெச்சுடுவேன்."

"காது எனக்கு நல்லாவே கேக்குதும்மா" என்றார் மெக்கானிக். மனைவி சிரித்தாள்.

சுவிட்ச் வயரையும் பிளக்கையும் மாட்டி இழுத்ததும் மெஷின் உறுமியது.

"இருபது நிமிஷம் ஓடட்டும்."

"இருபது நிமிஷமா? அங்க மனுஷன் ஒத்தையா நிக்கிறார்ண்ணே!"

"இங்க நின்னா நல்லதா, மரத்துல ஏறினப்புறம் நின்னா நல்லதா?"

இருபது நிமிடமும் மெஷின் நிற்கவில்லை, திக்கவும் இல்லை. மெக்கானிக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சங்கீதம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை ஆசையாக எழப் போனார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே நிக்காது. எடுத்துட்டு ஓடும்மா."

வந்தவள் சங்கிலி சுழலாதபடி செயின் பிரேக்கைத் தள்ளிவிட்டு மெஷினைத் தூக்கினாள். வாசலுக்குப் போகவில்லை.

"கைராசின்னு நம்பி வந்தேன். உங்க கையே படலையே! ஓட்டத்துலயே ஒரு தடவை தொட்டுக் குடுங்கண்ணே, கை தேஞ்சிடாது!" என்று கோட்டைத் தாண்டி, உறுமும் மெஷினை அவர் மார்புக்கு நேரே நீட்டினாள்.

"ஐயோ!"

மனைவி ஒரே பாய்ச்சலில் வந்து சுவிட்சை அணைத்தாள். பட்டறை சட்டென்று அமைதியானது.

மெக்கானிக் நிதானமாகச் சட்டையின் மேல் பட்டன்கள் இரண்டைக் கழற்றினார். இடது தோளுக்குக் கீழே விரல் நீளத் தழும்பு. அதனடியில், தோலுக்குள், தீப்பெட்டி போல ஏதோ புடைத்திருந்தது.

"இதயம் நின்னு நின்னு ஓடுதுன்னு உள்ள ஒரு மெஷின் வெச்சிருக்காங்க, தங்கச்சி. ஓடுற காயில் கிட்ட வந்தா இது தாளம் தப்பலாமாம். ஒரு முழம் தள்ளி இருந்தாப் போதும்னுதான் டாக்டர் சொன்னாரு" என்றவர், தரையைக் காட்டிச் சிரித்தார். "ஆறடியில கோடு போட்டது இவ."