இருபது நிமிடம் பின்னால்

“இந்த அப்கிரேடு வோணாம் மாமு. பழசே நல்லாத்தான ஓடிக்கினு கீது” என்று சௌக்கத் அலி மூன்றாம் தடவையாகச் சொன்னபோதே பிராங்கிளின் உஷாராகியிருக்க வேண்டும். தோஸ்து என்ற பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

அவர்கள் வேலை பார்த்த கன்டெய்னர் கம்பெனியின் தகவல் மொத்தமும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று மூன்று இடத்து மெஷின்களில் இருந்தது. மூன்றும் கூடிப் பேசிக்கொண்டே ஓடும். எண்ணூர் மெஷின் கூட்டத்தில் இல்லையென்றால் அங்கே கேட் திறக்காது, லாரி நகராது, ஆட்கள் வருகைக்கு விரல்கூட வைக்க முடியாது; வந்த நேரத்தைப் பதிவதும் அதுதான்.

மூன்றையும் புது வெர்ஷனுக்கு மாற்றுவது பிராங்கிளினின் பொறுப்பு. ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் வேலையை வெளி கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் குமாரவேல் சொல்லியிருந்தார்.

ராயபுரமும் திருவொற்றியூரும் சனிக்கிழமையே சமர்த்தாக மாறிக்கொண்டன. ஞாயிறு காலை ஒன்பது மணி டூட்டிக்கு, தினமும் போலவே டிரெய்லர் லாரி வரிசையில் மாட்டி, ஒன்பதேகாலுக்கு வேர்க்க விறுவிறுக்க எண்ணூர் வந்து சேர்ந்தான்.

புது வெர்ஷனைப் போட்டான். மற்ற இரண்டும் எண்ணூரைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அடம்பிடித்தன. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான், ஒயரை மாற்றினான், மாதாவை வேண்டிக்கொண்டான். காலையில் அறையைத் திறந்துவிட்டுப் போன சௌக்கத் அலி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குத்தான் பிடிபட்டது. எண்ணூர் மெஷினின் கடிகாரம் இருபது நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வெர்ஷன் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. புதுசு, ஒரு நொடி பிசகினாலும் வெளியே தள்ளிவிடும்.

நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியை யாரோ வேண்டுமென்றே அணைத்திருந்தார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொள்பவன் சௌக்கத் அலி. சாவியும் அவனிடம் மட்டும்தான்.

பத்து வருடம் பிராங்கிளினோடு ஒரே டப்பாவில் கை நனைத்தவன், நண்பன் சோற்றிலேயே மண்ணைப் போடப் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு துரோகத்தை பிராங்கிளின் யாரிடமும் எதிர்பார்த்ததில்லை. மேனேஜருக்குப் போன் போட்டான்.

அவர் சத்தம் போடவில்லை. “மூணு வருஷமா ஒரு லேட் மார்க் கூட வாங்காத ஆளு நீ. உன் வார்த்தைய நம்பறேன். யாருன்னு மட்டும் சொல்லு.”

பிராங்கிளின் பேரைச் சொன்னான்.

கடிகாரத்தைச் சரியாக்கியதும் எண்ணூர் பத்தே நிமிடத்தில் மற்ற இரண்டோடும் சேர்ந்துகொண்டது. அதற்குள் மேனேஜர் சௌக்கத் அலியைப் போனில் கூப்பிட்டு, சாவியை ஒப்படைத்துவிட்டு அப்படியே போகச் சொல்லிவிட்டார். இனி வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

கேட்டில் வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தவனை பிராங்கிளின் ஓடிப்போய் மறித்தான். “கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே. நா உனுக்கு இன்னாடா பண்ணேன்? எதுக்குடா டைம பின்னால வச்ச?”

சௌக்கத் அலி கோபப்படவில்லை. விரல் வைக்கும் மெஷினை ஒருமுறை பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“நாளிக்கு ஒம்போதுக்குள்ள வந்துரு மாமு. இனிமே உனுக்கு லேட் மார்க் வுழும்.”