பொடி எழுத்தில் விலை

“ஒரே விலை வச்சிட்டா தொல்லை விட்டுது அண்ணாத்தே! எதிர்க்கடை அந்தம்மா கிலோ நூத்தித் தொண்ணூறுன்னா நீ நூத்தியெண்பத்தஞ்சுங்கிற. இப்படியே போனா ரெண்டு கோழிக்கடைக்கும் பூட்டுதான்.”

பூந்தமல்லிக் கோழி வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒப்பந்தப் பேப்பரோடு வந்திருந்தார் சின்னசாமி. கள்ளிக்குப்பத்துக்கு அவர் புதுசு.

இக்னேஷியஸ் கத்தியைத் துடைத்தார். “ரெண்டு பேரும் பேசி வச்சிகினு விலை ஏத்துறது சட்டப்படி தப்பு நைனா. போட்டி இருந்தாதான் வாங்குறவன் பொழைப்பான்.”

“அதுக்கு விக்கிறவன் சாவணுமா? நீங்க ரெண்டு பேரும் மூடிட்டா, மெயின் ரோட்டு பெரிய கடைக்காரன் முந்நூறுன்னுவான். அப்போ உன் சட்டம் இன்னா பண்ணும்? சின்னக் கடையைக் காப்பாத்தத்தான்யா சட்டம்!”

நியாயமான பேச்சுதான். இக்னேஷியஸுக்கு நஷ்டம் கழுத்துவரை வந்திருந்தது.

ஆனால் ஒரே விலை என்று ஆகிவிட்டால், எதிர்க்கடைக்காரி ஏன் வெளியே வரப்போகிறாள்? தினமும் காலையில் இவர் பலகையில் விலை எழுதியதும் அவள் வாசலுக்கு வருவாள். எழுத்து எறும்பு மாதிரி பொடியாக இருக்கும். அதனால் பாதி ரோட்டைத் தாண்டி வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிப்பாள். திரும்பிப் போய்விடுவாள். ஒரு வார்த்தை கிடையாது. அந்த அரை நிமிஷத்துக்காக மனுஷர் பொழுது விடிந்ததிலிருந்து ஏங்கிக் கிடப்பார். ஐம்பத்திரண்டு வயசில் இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொள்வார். மனசு கேட்டால்தானே!

“என்னால முடியாது நைனா. அவங்க இன்னா சொன்னாங்க?”

“அதை ஏன் கேக்குற! அவங்களும் மாட்டேன்னு எழுதியே குடுத்துட்டாங்க. ‘தெனம் அவர் பலகையை நானே போய்ப் பாத்துக்கிறேன், யாரும் எனக்கு விலை சொல்ல வேணாம்’னு ஒரே பிடிவாதம்.” சின்னசாமி அவள் எழுதிக் கொடுத்த பேப்பரைச் சலிப்போடு மேசைமேல் போட்டார். “இதுல தமாஷ் இன்னா தெரியுமா? அந்தம்மா ஊட்டுக்காரர் பேரும் உன் பேரேதான்.”

இக்னேஷியஸ் குனிந்து பார்த்தார். ‘ஷைலா இக்னேஷியஸ்’ என்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எதிரிலேயே கடை போட்ட அவர் மனைவி, அவர் பேரை மட்டும் இன்னும் விடவில்லை.

அவர் சாக்பீஸைத் தேடி எடுத்தார். நாளைக்கு இன்னும் பொடியாக எழுத வேண்டும்.