இறங்கக் கூடாத எண்

கட்டிலுக்கு மேலே பச்சை எண் மினுங்குகிறது. நூற்று எண்பத்தைந்து. கட்டிலில் கிடக்கும் லாரி ஓட்டுநரின் மனைவிக்குப் பகீரென்கிறது. "சிஸ்டர், பிரஷர் எகிறுது, மாத்திரை குடுங்க!" உப்பு டப்பாவை ஒளித்து வைத்து, கெஞ்சி, மிரட்டி, வருஷக்கணக்காக அந்த எண்ணை இறக்கப் பாடுபட்டவள் அவள். நர்ஸ் தலையசைக்கிறாள். "வேண்டாம்க்கா. மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. பக்கத்துல இருக்கற சின்னச் சின்னக் குழாய் வழியாத்தான் கொஞ்சம் ரத்தம் போகுது. அதைத் தள்ளிவிடறதே இந்தப் பிரஷர்தான். அடைப்பை எடுக்கற வரைக்கும் இறங்கக் கூடாது." ஜன்னல் திரையின் இடுக்கில் நுழைந்த மதிய வெயில், அவருடைய அசையாத வலக்கையில் கோடு கோடாகக் கிடக்கிறது. காலையில் சட்டைப் பொத்தான் போட்ட கை. கோணிய வாயோரத்தை அவள் கைக்குட்டையால் ஒற்றுகிறாள். "தியேட்டர் தயாராகுது, இதோ கூப்பிட்டுடுவாங்க" என்றபடி நர்ஸ் டிரிப்ஸைச் சரிசெய்கிறாள். இடது புஜத்தைச் சுற்றிய பட்டை புஸ்ஸென்று உப்பி அடங்குகிறது. நூற்று அறுபத்தெட்டு. சட்டென்று அவள் அவர் காதோரம் குனிகிறாள். "உங்க தங்கச்சி இருக்காளே, மகாராணி, அவ என்னைப் பத்தி என்ன சொன்னா தெரியுமா?" நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். "இப்பப் போய் ஏங்க்கா சண்டை?" "இவருக்குப் பிரஷர் ஏத்த எனக்கு வேற வழி தெரியாதும்மா" என்கிறாள், கண்ணைத் துடைக்காமலே. போர்வைக்குள்ளிருந்து அவருடைய இடக்கை மெல்ல எழும்புகிறது. தங்கச்சி பேச்சை எடுத்தாலே அவர் காட்டுகிற சைகை: போதும், வாயை மூடு. அவள் மூடுவதாக இல்லை.